பதினான்காம் பெட்டி

நுண்ணோக்கியில் பார்த்ததும், யாரோ தகட்டை மாற்றிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

மாற்ற யாருமில்லை. ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். வெளியே மாண்ட்ரியலின் பிப்ரவரிப் பனி.

பசிபிக் தீவுகளின் பழைய பானை ஓடுகளில் கலந்திருக்கும் மணலைப் பார்த்து, பானை எந்தத் தீவில் செய்தது என்று சொல்வது என் வேலை. எட்டு வருஷத்தில் ஒரு முறைகூடத் தப்பாகச் சொன்னதில்லை. அந்தத் திமிர் எனக்கு உண்டு.

ஆனால் இன்று நான் தகட்டில் வைத்தது தனுஷ்கோடி மணல்.

எங்கள் மைதிலி ஒன்பது வயதில் மூளைக்காய்ச்சலில் போனாள். அஸ்தியைத் தனுஷ்கோடியில் கரைக்க அவள் அப்பாதான் இந்தியாவுக்கு எடுத்துப்போனார். கரைக்கிற இடத்திலிருந்து ஒரு பிடி மணல் கொண்டுவரச் சொன்னேன். கொண்டுவந்தார். ஒரு மாதமாகப் பூஜை அலமாரியில் இருந்தது.

அவள் கரைந்த இடத்தைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. எனக்குத் தெரிந்த வழியில் பார்த்தேன்.

சிப்பித்தூள் தெரிய வேண்டிய இடத்தில் எரிமலைக் கண்ணாடி மின்னியது. தனுஷ்கோடியில் ஏது எரிமலை?

இது பிஜித் தீவு மணல். ஆறு மாதம் ஒவ்வொரு துகளாக நானே எண்ணியது. இதே ஆய்வுக்கூடத்தின் அடித்தட்டில் மூடிவைத்திருந்த பதினான்காம் பெட்டி.

அவர் இதே ஊரில், சென்ட் லோரன்ட்டில் விமான இன்ஜினியர். அவருக்கு மணல் எல்லாம் மணல்தான்.

போன வெள்ளிக்கிழமை அந்தப் பெட்டியைத் திறந்தேன். மணல் இல்லை. சாம்பல் நிறத்தில் ஏதோ தூள். கல் தேய்க்கிற தூளை என் பெட்டியில் கொட்டியது யார் என்று உதவியாளர் பியரைத் திட்டித் தீர்த்தேன். நான் இல்லை என்று அவன் சத்தியம் செய்தான்.

துகளைப் பார்த்தே ஊர் சொல்கிற நான், அதை ஒரு தரம் பார்த்திருக்கலாம். குப்பைத் தொட்டியில் கவிழ்த்தேன். பெட்டியைக் குழாயடியில் கழுவித் திரும்ப வைத்தேன்.

ஐந்து மணிக்கு அவர் வந்தார். ஊரிலிருந்து திரும்பியதிலிருந்து இப்படித்தான். காரில் காத்திருக்காமல் உள்ளே வந்துவிடுகிறார். அடித்தட்டுப் பக்கம் குனிந்து பூட்ஸ் நாடாவை அவிழ்த்துக் கட்டினார். எழும்போது பதினான்காம் பெட்டியின் மூடியைத் தொட்டார்.

"போயிட்டு வரோம்டா கண்ணு," என்றார், எனக்குக் கேட்காது என்று நினைத்து.

அந்தக் காலிப் பெட்டியை அவர் தூக்கிப் பார்த்துவிடக் கூடாதே என்று நின்றேன்.