வரம்பில் பிடித்த காற்று

ஜவுபர் தன் ஆயுளில் முதல் தடவையாக வைக்கோலுக்கு நெருப்பு வைத்தான்.

நேரம் பார்த்துத்தான் வைத்தான். அடுத்த வயல் வரம்பில் அழகரெத்தினம் ஐயா கண்ணாடிப் போத்தலைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து மூடியைத் திருகப்போகிற நேரம்.

அடுத்த வயல் சகலன் சீனிமுகம்மதுவுடையது. மாமனார் ஒரே காணியை நடுவில் வரம்பு போட்டுப் பிரித்து, மேற்குப் பாதியை மூத்தவள் முனவ்வறாவோடு ஜவுபருக்கும், கிழக்குப் பாதியை இளையவளோடு சீனிமுகம்மதுவுக்கும் சீதனமாகக் கொடுத்தார். அன்றிலிருந்து கிழக்குப் பாதியில் கத்துகிற தவளைகூட இனிமையாகக் கத்துவதாக ஜவுபருக்குப் பட்டது.

எழுபத்தொன்பதாம் ஆண்டுச் சிறுபோக நெல் விதைத்த கிழமை, இந்த ஐயா காற்றை ஆராயவென்று கொழும்பிலிருந்து வந்து இறங்கினார். வளர்கிற பயிர் காற்றிலுள்ள கரியை உறிஞ்சுமாம். அறுத்த பிறகு வைக்கோலை எரித்தால் அந்தக் கரி அன்றைக்கே காற்றுக்குத் திரும்பிவிடுமாம். மண்ணுக்குள் மடக்கி உழுதால் ஆறுதலாக, மெல்ல மெல்லத்தான் திரும்புமாம். எந்த மாதம் எவ்வளவு என்று அறிய, பதினைந்து நாளைக்கொரு தடவை வயற்காற்றைப் போத்தலில் அடைத்துக்கொண்டு போனார்.

அடைப்பது சீனிமுகம்மதுவின் வரம்பில் நின்று.

நாலு மாதம் ஜவுபருக்குச் சோறு இறங்கவில்லை. தன் வயல் என்ன, மூச்சு விடாத மையித்தா? கல்முனைச் சந்தையில் மீன் வெட்டுகிறவன்கூட, சகலனுடைய காற்று கொழும்புக்குப் போகிறதாமே என்று விசாரித்தான். ஐயா வருகிற நாட்களில் ஜவுபர் வயல் பக்கமே தலைகாட்டுவதில்லை. சீனிமுகம்மதுவோ முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, ஜவுபரோடு கதைப்பதையே விட்டுவிட்டான். தலைக்கனம்.

இன்று காலை தேத்தண்ணியை வைத்துவிட்டு முனவ்வறா சொன்னதுதான் மிச்சத்தையும் செய்தது.

"தங்கச்சிட வயக்காத்துக்கு வந்த மவுசப் பாருங்க. நம்மட காத்து குருவி கலைக்கத்தான் உதவும்."

கச்சான் காற்று மேற்கிலிருந்து அடித்துக்கொண்டிருந்தது. புகை வரம்பைத் தாண்டி சீனிமுகம்மதுவின் வயலை மூடியது. சாமானியப் புகையா? கொக்குகள் பறக்க வழி தெரியாமல் வரம்பு வழியே நடந்துதான் போயின. பின்னால் போன கொக்கு முன்னால் போன கொக்கின் வாலைப் பிடித்துக்கொண்டு போனதை மீராசாஹிபு போடியார் கண்ணால் கண்டவர். அவர் பொய் சொல்லமாட்டார்.

அழகரெத்தினம் ஐயா இருமிக்கொண்டே ஜவுபரிடம் வந்தார். கையில் போத்தல்.

"என்ன ஜவுபர் காக்கா, இப்பிடிச் செய்திட்டீங்க? கச்சான் உங்கட வயலுக்குள்ளால வந்துதானே அந்த வரம்புக்கு வருது. நாலு மாசமா நான் புடிச்சது உங்கட காத்து. இந்த வயல் வட்டையில வைக்கோல எரிக்காத ஒரே ஆள் எண்டுதான் உங்கட வயலத் தேடி வந்தன். உங்கட சகலனிட்ட முதல் நாளே சொன்னனே, அவர் சொல்லல்லையா?"

போத்தலில் ஒட்டியிருந்த தாளில் 'ஜவுபர் வயல், எரிக்காதது' என்றிருந்தது. ஐயா பேனையை எடுத்துக் கடைசிச் சொல்லை வெட்டினார்.

வரம்பில் சீனிமுகம்மது தலையெல்லாம் சாம்பலாக நின்றான்.

"தண்ணி அள்ளிட்டு வரட்டா, மச்சான்?"

நாலு மாதத்தில் அவன் ஜவுபரோடு பேசிய முதல் வார்த்தை அது.