மூன்றாவது வரிசைக்காரர்

“தப்பு.”

மூன்றாவது வரிசையிலிருந்து குரல் வந்தது. நூலகக் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் ஆரம்பிச்சுட்டார்யா என்று நெளிந்தார்கள்.

“பாஸ்டன் துறைமுகத்துல தேயிலையைக் கடல்ல கொட்டினது எழுபத்துநாலு இல்ல. ஆயிரத்து எழுநூத்து எழுபத்துமூணு. டிசம்பர் மாசம்,” என்றார் க்ளைட் ஸ்னோ, எழுந்து நின்றபடி.

மேடையில் பேராசிரியர் நிக்கர்சன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அட, ஆமா. நன்றி மிஸ்டர் ஸ்னோ. வயசாயிடுச்சு.”

“எனக்கும்தான் வயசாயிடுச்சு. நான் மறக்கலையே.”

ஸ்னோ உட்கார்ந்தார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை மத்தியானம் எங்கள் ஊர் நூலகத்தில் பேராசிரியரின் சொற்பொழிவு. அமெரிக்கா ஒரு நாடாக உருவான காலத்துக் கதைகள். காசு வாங்காமல் பேசுகிறார் மனிதர். கேப் காட் கடற்கரைக் குளிரில் வீட்டுக்குள் அடைந்து கிடப்பவர்களுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு? அதிலும் இந்த ஸ்னோ எழுந்து எழுந்து மானத்தை வாங்கினால் எப்படி?

ஏற்பாடெல்லாம் தெல்மா க்ரோக்கர்தான். நாற்காலி போடுவது முதல் கிரான்பெர்ரி கேக் சுட்டு எடுத்து வருவது வரை அவள் பொறுப்பு. அன்று அவளுக்குப் பொறுக்கவில்லை. காபி மேஜைப் பக்கம் ஸ்னோவை மடக்கினாள்.

“மிஸ்டர் ஸ்னோ, இனிமே வந்தா வாயை மூடிக்கிட்டு உக்காருவீங்களா?”

“அவர் தப்பா சொன்னா?”

“சொல்லட்டுமே. ஒரு வருஷம் முன்னப்பின்ன ஆனா வானமா இடிஞ்சு விழுந்துடும்? நாலு பேர் முன்னாடி பெரிய மனுஷனை இப்படித் தலைகுனிய வைக்கிறீங்களே.”

ஸ்னோ கையிலிருந்த கேக்கைப் பார்த்தார். “அவர் வருத்தப்படறாரா?”

“பின்னே?”

“அவரே சொன்னாரா?”

தெல்மா ஒரு நொடி தயங்கினாள். “ஆமா. நீங்க வராம இருந்தா நிம்மதின்னு சொன்னார்.”

ஸ்னோ கடிக்காத கேக்கைத் திரும்பத் தட்டில் வைத்தார். தொப்பியை எடுத்துக்கொண்டு பனியில் இறங்கி நடந்தார். சின்னப் பொய்தானே, நல்லதுக்குத்தானே என்று நினைத்தபடி தெல்மா மேஜையைத் துடைத்தாள்.

அடுத்த மாதம் மூன்றாவது வரிசையில் ஒரு நாற்காலி காலி. கூட்டம் நிம்மதியாகக் கால் நீட்டி உட்கார்ந்தது.

மேஃப்ளவர் கப்பலில் இங்கிலாந்திலிருந்து வந்தவர்களின் முதல் குளிர்காலத்தைப் பற்றிப் பேராசிரியர் பேசினார். பசி, நோய், வரிசையாகச் சாவு. “வசந்தம் வர்றதுக்குள்ள அவங்கள்ல கால்வாசிப் பேர் போயிட்டாங்க,” என்றார்.

நிறுத்தினார். மூன்றாவது வரிசையைப் பார்த்தார். தண்ணீர் குடித்தார்.

“கால்வாசிப் பேர்,” என்றார் மறுபடியும், கொஞ்சம் உரக்க.

யாரோ இருமினார்கள். அவ்வளவுதான்.

“மன்னிக்கணும். பாதிப் பேர்,” என்று தானே திருத்திக்கொண்டார். அதற்கப்புறம் அவர் பேச்சில் சுரத்தே இல்லை.

கூட்டம் கலைந்ததும் தெல்மாவிடம் வந்தார். “ஸ்னோ எங்கே? உடம்பு சரியில்லையா?”

“இனிமே அந்தத் தொல்லை இல்ல ப்ரொஃபசர். வராதீங்கன்னு சொல்லிட்டேன். நீங்க சொன்னதாத்தான் சொன்னேன். இல்லேன்னா கேக்க மாட்டாரே.”

பாராட்டுவார் என்று காத்திருந்தாள். அவர் முகம் வெளுத்துவிட்டது. கோட்டைப் பாதி மாட்டியபடியே வெளியே விரைந்தார். தெல்மா பதறிப்போய்ப் பின்னால் ஓடினாள்.

ஸ்னோவின் வீடு அடுத்த தெருவில். வாசலில் பனி வாரப்படாமல் அப்படியே கிடந்தது. அதில் ஒரு காலடித் தடம்கூட இல்லை. சாயங்காலமே இருட்டிவிட்டது. ஒரு ஜன்னலில் மட்டும் விளக்கு எரிந்தது.

பேராசிரியர் தட்டினார், கூப்பிட்டார். பதில் இல்லை.

எங்கள் பக்கத்தில் எந்தப் புளுகையும் பொறுத்துக்கொள்வோம். மேஃப்ளவர் முதலில் நங்கூரம் போட்டது எங்கள் கேப் காட் முனையில் என்பதை மட்டும் யாரும் மாற்றிச் சொல்லிவிட முடியாது. பேராசிரியர் கதவோடு ஒட்டி நின்று, தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

“க்ளைட், மேஃப்ளவர் முதல்ல வந்து நின்னது பிளிமத்ல. கேப் காட் பக்கமே அது வரல. கேக்குதா?”

“என்ன ப்ரொஃபசர் இது, நம்ம முனையிலதானே முதல்ல...” தெல்மாவுக்கு வாய் தானாகத் திறந்துவிட்டது.

“எனக்குத் தெரியாதா?” அவர் குரலைத் தாழ்த்தினார். “சம்சாரம் போனப்புறம் அந்த மனுஷன் யார்கிட்டயும் பேசல. கடையிலகூட விரலால காட்டித்தான் வாங்குவார். ஒருநாள் நான் நிஜமாவே ஒரு வருஷத்தை மாத்திச் சொல்லிட்டேன். ‘தப்பு’ன்னு எழுந்தார். எத்தனையோ மாசம் கழிச்சு அவர் பேசின முதல் வார்த்தை. அன்னையிலேருந்து ஒவ்வொரு பேச்சுலயும் அவருக்குன்னு ஒரு தப்பு வெச்சுட்டு வரேன். அவருக்கு மட்டும் இது தெரியவே கூடாது.”

உள்ளே நாற்காலி நகர்ந்தது. மெதுவாகக் காலடிச் சத்தம் கதவை நோக்கி வந்தது. பேராசிரியரின் முகம் மலர்ந்தது.

தெல்மாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கதவில் இரண்டு கையையும் வைத்தாள்.

“மிஸ்டர் ஸ்னோ, என்னை மன்னிச்சிடுங்க. அவர் உங்களை வர வேண்டாம்னு சொல்லவே இல்ல. உங்களைப் பேச வைக்கத்தான் மாசாமாசம் வேணும்னே தப்பாச் சொன்னாராம்.”

பேராசிரியர் அவள் தோளைப் பிடிப்பதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

காலடிச் சத்தம் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றது. பிறகு வந்த வழியே திரும்பிப் போனது.

ஜன்னலில் விளக்கு அணைந்தது.