வலது தோள்

முதுகில் இரண்டு தட்டு விழுந்தது. மூச்சை நிறுத்து என்று அர்த்தம்.

நிறுத்தினாள். பதினெட்டு வருடப் பழக்கம். தட்டு விழுந்ததுமே நெஞ்சு தானாகப் பூட்டிக்கொள்ளும்.

அவளுடைய வலது தோளில் நாலு கிலோ லென்ஸ் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. அதன் மறுமுனையில், அவளுக்குப் பின்னால் மண்டியிட்டபடி, காமிராவில் கண்ணைப் பதித்திருந்தான் அவள் கணவன்.

ஏரிக்கு அந்தப் பக்கம் பட்டமரம். அதன் உச்சியில் கழுகுக் கூடு. கூட்டின் விளிம்பில் நின்று, இறக்கையை விரிப்பதும் மடக்குவதுமாக இருந்தது குஞ்சு.

முதல் தடவை பறக்கப்போகிறது. அது ஒரே ஒரு தடவைதான் நடக்கும். இதற்காக மூன்று வருடம் காத்துக் கிடந்தான். அடுத்த புத்தகத்தின் அட்டையில் இந்தப் படம்தான் என்று பதிப்பாளரிடம் வாக்கும் கொடுத்துவிட்டான்.

"வெளிச்சம் பத்தலை," என்று முணுமுணுத்தான்.

வெளிச்சம் குறைந்தால் ஷட்டர் மெதுவாகும். ஷட்டர் மெதுவானால் எள்ளளவு அசைவும் படத்தில் ஏறிவிடும். இதையெல்லாம் அவளுக்கு யாரும் உட்கார்த்தி வைத்துச் சொல்லித்தரவில்லை. தோள்வலி சொல்லித்தந்தது.

பத்து, பதினொன்று என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். நாற்பது வரை தாங்குவாள்.

முதல் புத்தகம் போன மாதம்தான் வந்தது. பெரிய லென்ஸைக் கையில் பிடித்தே துல்லியமாகப் படமெடுப்பது எப்படி என்று அதில் ஓர் அத்தியாயம் முழுக்க அளந்திருந்தான். காமிராவைத் தாங்கும் முக்காலி, அந்த ட்ரைபாட் பக்கமே போனதில்லையாம். முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொள்ளுங்கள், மூச்சை அடக்குங்கள், உடம்பே உங்கள் ட்ரைபாட்.

உண்மைதான். யாருடைய உடம்பு என்பதை எழுதத்தான் மறந்துவிட்டான்.

கடைசிப் பக்கத்தில் நன்றி. லென்ஸைப் பழுதுபார்த்தவருக்கு, ஜீப் ஓட்டியவருக்கு, ஒரு மழைநாளில் குடை கொடுத்த பக்கத்து வீட்டுக்காரருக்கு. அந்தப் பக்கத்தை அவள் மூன்று முறை படித்தாள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நாலாவது முறையும் படித்தாள்.

கேட்டதற்குச் சிரித்தான். "என்னடி நீ! நீ வேற நான் வேறயா?"

அவளும் சிரித்துவைத்தாள். அன்றைக்கு வயிற்றில் பற்றிய நெருப்பு இன்னும் அணைந்தபாடில்லை.

முப்பத்தொன்று. முப்பத்திரண்டு.

குஞ்சு குனிந்தது. கால்கள் கூட்டை விட்டன.

காதருகே ஷட்டர் படபடவென்று பொரிந்தது.

அவள் மூச்சு விட்டாள். விட்டுவிட்டு, நெஞ்சு நிறைய இன்னொரு மூச்சு இழுத்தாள்.

குஞ்சு ஏரியைத் தாண்டிப் போய்விட்டது.

அவன் காமிராவை மடியில் வைத்துப் படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தான். முப்பது படம். பாதிப் படங்களில் எல்லாமே இழுபட்டிருந்தது. மீதியில் ஃபோகஸ் நழுவி, பின்னாலிருந்த வேறொரு மரம் மட்டும் இலைக்காம்பு தெரிகிற அளவுக்குத் துல்லியம், குஞ்சு இருந்த இடத்தில் ஒரு பழுப்புக் கறை.

அசைவைத் தடுக்கிற ஸ்விட்சைப் பார்த்தான். ஷட்டர் வேகத்தைப் பார்த்தான். லென்ஸின் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தான். அவளைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தான்.

நீ அசைந்தாயா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஆமாம் என்று சொல்லியிருப்பாள். சண்டைக்குக்கூடத் தயாராகத்தான் இருந்தாள்.

அவன் கேட்கவில்லை. அது அவனுக்குத் தோன்றவே இல்லை. வலது கையை முகத்துக்கு நேரே நீட்டி, விரல்களை விரித்து, அதையே வெறித்துக்கொண்டிருந்தான்.

"அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது," என்றான்.

மாமனாருக்குக் கடைசி நாலு வருடம் டம்ளரைப் பிடிக்கக்கூடக் கை நிற்காது. ஊட்டிவிட்டதெல்லாம் அவள்தான். அந்த நடுக்கம் எப்படியிருக்கும் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாருமில்லை.

நீட்டிய கையைப் பார்த்தாள். நடுக்கம் மருந்துக்குக்கூட இல்லை.

தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டு அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

"டாக்டர்கிட்ட காட்டிடலாங்க. நானும் கூட வர்றேன். நீங்க வேற நான் வேறயா?"