இடது பக்கம் இழுக்கும் துப்பாக்கி

பெஞ்சுக்கு அடியில் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மாடி வகுப்பு. கதவுக்கு உள்தாழ்ப்பாள். அதற்கு முட்டுக்கொடுத்து ஜெசிந்தா டீச்சரின் மேசை. மேசைக்கு முட்டுக்கொடுத்து ஜெசிந்தா டீச்சர்.

ஜன்னல்களைச் சாத்தியாகிவிட்டது.

பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஒருவன் துப்பாக்கியோடு ஒளிந்து நிற்கிறான். வாட்ச்மேன் ஓடிவந்து சொன்னது இவ்வளவுதான். அது எட்டாம் வகுப்புக்குப் போய்ச் சேர்வதற்குள் அவனுக்குத் தாடி முளைத்துவிட்டது. ஒன்பதாம் வகுப்பில் இன்னும் இரண்டு பேர் கூடச் சேர்ந்துகொண்டார்கள். மாடிப்படி ஏறி இங்கே வந்தபோது மூன்று பேருக்குமே தமிழ் தெரியாது.

துப்பாக்கியும் படிக்கு ஒரு சாண் வளர்ந்திருந்தது.

"சும்மா பயங்காட்டுதாங்க டீச்சர்," என்றாள் பக்கத்தில் சுருண்டிருந்த அருள்ஜோதி. "போன மாசம் பாம்னாங்க. நாய விட்டுத் தேடுனாங்க. அதுக்கு பிஸ்கட் கெடச்சதுதான் மிச்சம்."

ஒருவரும் சிரிக்கவில்லை.

"சும்மான்னு உறுதியாத் தெரிஞ்சா நானே கதவத் தொறந்திருவேன்ட்டி," என்றார் டீச்சர். "யாருக்குத் தெரியும்?"

யாருக்கும் தெரியவில்லை.

அருள்ஜோதி அவளை முழங்கையால் இடித்தாள். "ஒங்கப்பா மட்டும் இங்க இருந்தா இந்நேரம் அவனச் சுட்டுத் தள்ளிருப்பாருல்லா?"

அவள் தலையாட்டினாள்.

அவளுடைய அப்பா ராணுவத்தில் இருந்தார். ஆறாம் வகுப்பு படிக்கும்போது அவளே சேர்த்துவிட்டது. வேலை காஷ்மீரில். பனி முழங்கால் வரை. போன மாதம்தான் பதவி உயர்வும் கொடுத்திருந்தாள்.

ஜன்னல் பலகையில் ஓர் ஓட்டை உண்டு. பெஞ்சுக்கு அடியிலிருந்தே கண்ணை வைக்கலாம்.

வைத்தாள்.

தெரு. ஆளில்லை. எதிரே வேப்பமரம். மரத்துக்குப் பின்னால் பாதி ஆள். கட்டம் போட்ட சட்டை. தோளில் சாக்கு. சாக்குக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற இரும்புக் குழாய்.

கையில் அவள் காலையில் மறந்து வந்த டிபன் பாக்ஸ்.

கடற்கரையில் பலூன் சுடும் பலகை வைத்திருப்பவர் அப்பா. பலகையை மணலில் விட்டுவிட்டு வரலாம், யாரும் தூக்கிப் போக மாட்டார்கள். துப்பாக்கியை விட முடியாது. கூடவே கொண்டுவந்துவிட்டார்.

கேட் பக்கம் வரக்கூடாது என்று அவள்தான் சொல்லிவைத்திருந்தாள். அதனால் வரவில்லை. சாப்பாட்டு மணி அடித்தால் பிள்ளைகள் வெளியே வரும். கண்ணைக் காட்டிக் கூப்பிட்டுக் கொடுத்துவிடலாம். மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு, மணி அடித்துவிட்டதா என்று எட்டி எட்டிப் பார்த்தார்.

மணி அடிக்கவில்லை. துப்பாக்கிக்காரன் நிற்கும்போது யார் அடிப்பார்கள்?

அவள் கண்ணை எடுத்துக்கொண்டாள்.

சென்ற மாதம் இந்த வகுப்பே கடற்கரைக்குச் சுற்றுலா போயிருந்தது. அருள்ஜோதி அந்தத் துப்பாக்கியால்தான் சுட்டாள். ஒரு பலூன்கூட உடையவில்லை. அது இடது பக்கம் இழுக்கும். அது அப்பாவுக்குத் தெரியும், மகளுக்குத் தெரியும்.

"யார் கேட்டாலும் என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதப்பா. நானே கூப்பிட்டாலும் திரும்பாத." சுற்றுலாவுக்கு முதல் நாள் ராத்திரி சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"சரி தாயி."

சொன்னபடியே செய்தார். ரவையை நிரப்பி அருள்ஜோதியிடம் நீட்டிவிட்டு, மகள் பக்கம் திரும்பி, "நீயும் சுடுதியா பாப்பா?" என்று கேட்டார். அத்தனை சுத்தம். அவளுக்கே ஒரு நொடி, யார் இவர் என்று இருந்தது.

கீழே ஜீப் வந்து நிற்கும் சத்தம்.

ஓட்டையில் மறுபடி கண்ணை வைத்தாள். காக்கிகள் இறங்கினார்கள். குனிந்து, சுவரை ஒட்டி, மரத்தை நோக்கி. அவர்கள் கையிலும் துப்பாக்கி.

அவை எந்தப் பக்கமும் இழுக்காது.

"டீச்சர்."

"உஷ்."

"டீச்சர், அது எங்கப்பா."

வகுப்பு மொத்தமும் அவளைப் பார்த்தது. டீச்சர் தவழ்ந்து வந்து அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

"ஒங்கப்பா காஷ்மீர்ல பத்திரமா இருக்காரும்மா. பயத்துல ஒளறாத."

அந்தக் கையை உதறிவிட்டு அவள் எழுந்தாள். கொக்கியைத் தட்டினாள். ஜன்னல் பலகை சுவரில் மோதித் திறந்தது. வெயில் அறைக்குள் விழுந்தது. பின்னால் யாரோ அலறினார்கள்.

"அப்பா!"

தெரு முழுக்கக் கேட்டது. காக்கிகள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள்.

அவர் பார்க்கவில்லை.

"அப்பா! எங்கப்பா அது! சுட்டுராதீங்க! அப்பா, நான்தாம்ப்பா, இங்க பாரு!"

யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பதுபோல அவர் தெருவின் அந்தக் கோடியை ஒருமுறை பார்த்தார்.

பிறகு டிபன் பாக்ஸை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, மரத்துக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் நகர்ந்து நின்றார்.