வில்லங்கம் இல்லாத வீடு

ஆம்பூரில் அந்த வீட்டை வாங்குமுன் தனகோடி ரிஜிஸ்தர் ஆபீசில் வில்லங்கம் பார்த்தார். ஒன்றுமில்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லை. விலை ரொம்பக் கம்மி. பக்கத்து வீட்டு மதிலோரம் நின்ற அம்மாளை விசாரித்தார்.

"இந்தக் கிணத்துல தோல் பதனிடுற ஷாப்புத் தண்ணி எறங்குதாம்மா?"

"இது கல்கண்டாட்டம் இருக்கும். எங்க கிணறுதான் ஆகாது."

"காத்து கருப்பு ஏதாச்சும்?"

"அந்த வூட்ல ஒண்ணும் இல்லீங்க. சம்சாரத்தோட தைரியமா வாங்க. பேச்சுத் துணை இல்லாம எனக்கும் பேஜாரா கீது."

அந்த வார்த்தையை நம்பித்தான் கிரயம் முடித்தார்.

மாட்டு வண்டியில் சாமான் வந்து இறங்கியது. சாவி கொடுக்க வந்த பழைய சொந்தக்காரர் சம்பத், தலையைச் சொறிந்தார்.

"இன்னா சம்பத்து?"

"முன்னாடியே சொல்லல, மன்னிச்சுக்குங்க. பக்கத்து வூட்டுக்குப் பயந்துதான் வித்தேன். அங்க இருந்த பட்டம்மா தன் கிணத்துலயே விழுந்து செத்துட்டா. அன்னிலேர்ந்து அந்த வூடு பூட்டியே கிடக்குது. ஒரு ஈ காக்கா கிடையாது."

தனகோடி மெல்ல மதில் பக்கம் திரும்பினார்.

"வந்துட்டீங்களா?" அதே குரல். "சம்சாரத்தை எங்க கிணத்தாண்ட அனுப்புங்க. பேசிக்கிட்டு இருக்கோம்."