இரண்டாவது கோடு

"ரெண்டு கோடு விழுந்தா கல்யாணப் பேச்சே வேண்டாம். ஒரே கோடுன்னா அடுத்த வாரமே தேதி குறிச்சிடலாம். நான் வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டாப் பேசறவ, தப்பா எடுத்துக்காதே."

லேப்காரம்மா கைப்பையிலிருந்து சின்ன உறை ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள். கருமுட்டை தீர்ந்துவருகிறதா என்று சிறுநீரில் பார்த்துச் சொல்லும் பட்டை அதற்குள் இருந்தது. இருபது வருடமாக ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிறவள். மனைவியை இழந்த தம்பிக்குப் பெண் கேட்டு வந்திருந்தாள். பஸ் ஓட்டும் அந்தத் தம்பிக்கு இருந்தது ஒரே ஆசை, ஒரு குழந்தை.

பெண்ணுக்கு நாற்பத்து மூன்று வயது. பல் டாக்டர் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிறாள். அப்பா அம்மா போன பிறகு, தங்கை தலையெடுக்கட்டும் என்று வந்த வரனையெல்லாம் தட்டிக் கழித்தவள். தினமும் அவனுடைய பஸ்ஸில்தான் வேலைக்குப் போவாள். அவள் ஓடி வருவது கண்ணாடியில் தெரிந்தால் அரை நிமிடம் வண்டியை நிறுத்தி வைப்பான். இரண்டு வருடமாக அந்த அரை நிமிடம்தான் அவளுக்கு வாழ்க்கை.

போன வாரம் இதே மேஜையில் ஒரு முறை பார்த்தாயிற்று. இரண்டு கோடு விழுந்தது.

"ஒரு தடவை பார்த்து முடிவு பண்ணாதே, ஒரு வாரம் கழிச்சு மறுபடி பாருன்னு உறையிலேயே போட்டிருக்கான். என் தம்பியும் உன்னையே நினைச்சுக்கிட்டிருக்கான். அதனாலதான் மறுபடி வந்தேன். காலையில முதல்ல போனதைப் பிடிச்சு வச்சியா?"

"வச்சிருக்கேன் அண்ணி."

குளியலறையிலிருந்து மூடி போட்ட கப்பை எடுத்து வந்து வைத்தாள்.

"இன்னிக்கு முகம் தெளிவா இருக்கே!"

"தங்கச்சி வந்திருக்கா. அதான்."

தங்கை முந்தின நாள் மாலைதான் வந்திருந்தாள். வயது இருபத்தெட்டு. கல்யாணமாகி மூன்று வருடம். டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அக்காவின் நாற்காலியை ஒட்டி நின்றாள்.

லேப்காரம்மா உறையைக் கிழித்துப் பட்டையை எடுத்தாள். கப்பில் முக்கி, காகிதத்தின் மேல் கிடத்தினாள்.

"இதோ, முதல் கோடு. இது எல்லாருக்கும் விழும். பட்டை வேலை செய்யுதுன்னு அர்த்தம். பக்கத்துல இன்னொண்ணு அழுத்தமா வந்தாத்தான் வம்பு."

வந்தது. போன வாரத்தைவிட அழுத்தமாக வந்தது.

அக்கா பட்டையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பேசியது தங்கைதான்.

"தப்பாக் காட்டலாமில்லையா மேடம்?"

"காட்டலாம். மாசத்துக்கு நடுவுல ஒண்ணு ரெண்டு நாள் இந்தப் பட்டை பார்க்கிற ஹார்மோன் சும்மாவே ஏறும். நாள் ஒழுங்கா வருதா?" என்று அக்காவைப் பார்த்துக் கேட்டாள் லேப்காரம்மா.

"இல்ல. ரெண்டு மாசம், மூணு மாசம்னு தள்ளித் தள்ளித்தான்," என்றாள் தங்கை.

"உடம்பு திடீர்னு கொதிக்குதா? வேர்த்துக் கொட்டுதா?"

"ஆமா." அதற்கும் தங்கைதான் பதில் சொன்னாள்.

"அக்கா உடம்பு உனக்கு அத்துபடி போல! கூடப்பிறந்தா இப்படிப் பிறக்கணும்."

"அப்ப... குழந்தை?" என்றாள் தங்கை.

"முட்டை தீரத் தீரத்தான் இந்த ஹார்மோன் ஏறும். ரத்தம் கொடுத்துப் பார்த்தா உறுதியாத் தெரியும். ஆனா எனக்குத் தெரிஞ்சு, வறண்ட கிணத்துல வாளியை விட்டு என்ன பிரயோஜனம்?"

"இன்னொரு பட்டை போடுங்க மேடம். ஒண்ணே ஒண்ணு. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!" தங்கையின் குரல் உடைந்தது.

"போதும்டி," என்று அவள் கையைப் பற்றி இழுத்தாள் அக்கா.

லேப்காரம்மா எழுந்தாள். தங்கையின் தோளை ஆதரவாகத் தட்டினாள்.

"எதுக்கும்மா இப்படி அழறே? அக்காவுக்கு வயசாயிடுச்சு, எல்லாப் பொம்பளைக்கும் வர்றதுதான். உனக்கு ஒண்ணு பிறந்தா அவ தூக்கி வளர்த்துட்டுப் போறா."

அவள் படியிறங்கிப் போனாள். கதவைச் சாத்திய அக்காவுக்குத் திரும்பித் தங்கையின் முகத்தைப் பார்க்கத் துணிவு வரவில்லை.

இன்று விடிந்ததும் அந்தக் கப்பைத் தங்கையிடம் நீட்டி, "எனக்குப் பதிலா நீ பிடிச்சுக் கொடுடி, உன்னோடதுன்னா ஒரே கோடுதான் விழும்" என்று கெஞ்சி வாங்கியவள் அவள்தான்.