கடைக்குட்டி யார்?

"நான்தான் தம்பி! இவன்தான் எனக்கு முன்னாடி பொறந்தவன்!"

"பொய்! நான்தான் தம்பி. இந்தத் தடிமாடுதான் அண்ணன்!"

செச்செக் தலையில் அடித்துக்கொண்டாள். அவள் பெற்ற இரட்டையர், புகாதையும் நாரினும். போன மாதம் வரை, கூட்டத்தின் தலைவனான தகப்பன் உயிரோடு இருந்தவரை, இதே இரண்டு பேரும் 'நான்தான் அண்ணன்' என்று மல்லுக்கட்டியவர்கள். புளித்த குதிரைப்பாலில் முதல் கிண்ணம் யாருக்கு, நல்ல குதிரை யாருக்கு, எல்லாவற்றுக்கும் அண்ணன் பட்டம் வேண்டியிருந்தது. தகப்பன் கண்ணை மூடினாரோ இல்லையோ, இரண்டு பேரும் தம்பியாகிவிட்டார்கள்.

பின்னே? மூத்த பிள்ளைகள் பங்கை வாங்கிக்கொண்டு எப்போதோ தனிக் கூடாரம் போட்டாயிற்று. தலைவனின் பெரிய கூடாரமும், அடுப்பும், அதைச் சுற்றியிருக்கும் முந்நூறு குடும்பமும் அந்தப் புல்வெளி வழக்கப்படி கடைக்குட்டிக்குத்தானே!

"ஏண்டா, பதினெட்டு வருஷமா என் உயிரை வாங்குறீங்களே, வெக்கமா இல்ல?"

"நீயே சொல்லும்மா. யாரு கடைசியா பொறந்தது?"

"எனக்கெங்கடா தெரியும்? நீங்க படுத்தின பாட்டுல நான் நெனவு தப்பிக் கெடந்தேன்."

"மருத்துவச்சிக்குத் தெரியுமில்ல? ஆள் அனுப்பிட்டேன்," என்றான் புகாதை. "அவ என் பேரைச் சொல்லலேன்னா, பாதி ஜனத்தைக் கூட்டிக்கிட்டு இன்னிக்கே வண்டி கட்டிடுவேன்."

"கட்டேன்! என் பேரைச் சொல்லலேன்னா நானும்தான் கட்டுவேன்."

செச்செக் மனதுக்குள் கணக்குப் போட்டாள். மருத்துவச்சிக் கிழவி யார் பேரைச் சொன்னாலும் கூட்டம் இரண்டாகும். இரண்டானால், ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பகையாளிகள் இரண்டு பாதியையும் ஒரே வாரத்தில் வாரிக்கொண்டு போய்விடுவார்கள். இந்த மூடர்களுக்கு அது உறைத்தால்தானே!

மருத்துவச்சி தொர்கான் வழக்கப்படி வாசற்படியை மிதிக்காமல் தாண்டி உள்ளே வந்தாள்.

"சொல்லு கிழவி, யாரு கடைக்குட்டி?"

அவள் வாயைத் திறக்குமுன் செச்செக் எழுந்தாள்.

"ரெண்டு பேரும் இல்லடா. கடைக்குட்டி இங்க இருக்கு." வயிற்றில் கை வைத்தாள். "உங்கப்பன் விட்டுட்டுப் போனது. ரெண்டு மாசம். அது பொறந்து வளர்ற வரைக்கும் அடுப்பும் ஜனமும் என் பொறுப்பு. நம்பலேன்னா இவளைக் கேளு!"

கிழவி செச்செக்கின் கண்ணைப் பார்த்துவிட்டு, ஆமாம் என்று மெல்லத் தலையாட்டினாள்.

இரண்டு தம்பிகளின் முகமும் தொங்கிப்போயிற்று. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சண்டை போடாமல் சேர்ந்தே வெளியே போனார்கள்.

கிழவி கிட்டே வந்து செச்செக்கின் நாடியைப் பிடித்துப் பார்த்தாள்.

"அடிப்பாவி, ஒண்ணுமே இல்லியே! இன்னும் மூணு மாசம் போனா வயிறே காட்டிக் குடுத்துடுமே தாயி?"

"மூணு மாசம் எதுக்கு? அதுக்குள்ள பனி கொட்டிடும், எவனும் வண்டி கட்ட முடியாது," என்றாள் செச்செக். "அப்புறம் வசந்தம் வரைக்கும் ரெண்டு கழுதையும் இந்த ஒரே அடுப்புலதான் குளிர் காயணும்!"